அலமு விடுதலை செய்த பூச்சிகள்

படிப் பலகை கிறீச்சிட்டதும் பூச்சிகள் வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம். பேஸ்மென்ட் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் கிர்கிர் சத்தம், வாத்தியார் நுழைந்த வகுப்பறைபோலச் சட்டென்று அடங்கிவிடும். அன்று மாலை அலமு கீரைக் கிண்ணத்தோடு கடைசிப் படிவரை இறங்கி, சுவரைத் தடவி விளக்கைப் போட்டு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸ் இருக்கிற அறையின் கதவருகில் போய் நின்ற பிறகும் அது அடங்கவில்லை. ஈரச் சாக்கும் புளித்த மாவும் கலந்த ஒரு நாற்றம் தரையோடு தரையாக வந்து கொண்டிருந்தது. கதவிடுக்கின் இருட்டிலிருந்து அந்தச் சத்தம், அவள் வந்ததைப் பொருட்படுத்தாமல், கொஞ்சமும் மரியாதையில்லாமல் தொடர்ந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க எதற்கெடுத்தாலும் அவளுக்கு முதலில் வருவது அதுதான்.

எல்லாம் கண்ணாடித் தொட்டியில் விளக்கடியில் படுத்திருக்கிற அந்த ஓணானால் வந்த வினை. 'தாடி டிராகன்' என்று பிள்ளை ஹர்ஷ் பெருமையாகச் சொல்வான். அலமுவுக்கு ஓணான் என்றால் ஓணான்தான். ஒரே பையன் கேட்டுவிட்டானாம், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் புருஷன் சண்முகவேல் புரோசார்ட் என்கிற ஊர் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய் அதை வாங்கி வந்தார். காசு கொடுத்து ஓணான் வாங்கிய தமிழ்க் குடும்பம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பிள்ளை அதற்கு காஸ்தோன் என்று பிரெஞ்சுப் பெயர் வைத்தான், தோளில் போட்டுக்கொண்டு திரிந்தான், செப்டம்பரில் வேலை கிடைத்து வான்கூவர் போனபோது இரண்டு பெட்டியையும் கிதாரையும் எடுத்துக்கொண்டு காஸ்தோனை விட்டுவிட்டுப் போனான். "நான் பாத்துக்கறேன்டா" என்று வாக்குக் கொடுத்தவர் சண்முகவேல். அவர் பார்த்துக்கொண்டது சனிக்கிழமைகளில் பூச்சி டப்பா வாங்கி வருவதோடு சரி. மிச்சமெல்லாம் அலமு தலையில்.

டப்பாவில் பிரெஞ்சில் என்னவோ எழுதியிருக்கும். ஹர்ஷ் கிரிக்கெட் என்பான். நம் ஊர்ச் சுவர்க்கோழிதான், கொஞ்சம் வெளிறிய பழுப்பு. அவற்றை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் உதறி, சுண்ணாம்புச் சத்துப் பொடி போட்டு, வெள்ளை ஒட்டும்வரை குலுக்கித் தொட்டிக்குள் கொட்ட வேண்டும். ஓணான் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். பிறகு அப்பளம் நொறுங்குகிற சத்தம். முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டில் பிறந்து, முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அலமு. முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மேலே வந்தவளுக்கு, சுவாமி விளக்கை ஏற்றக் கை எழவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, இன்றைக்காவது நம் கையால் ஓர் உயிரும் போக வேண்டாம் என்று, டப்பாவைக் கொண்டுபோய் ஃபர்னேஸுக்குப் பின்னால் திறந்துவிட்டாள். வெளியே விட்டால் குளிரில் விறைத்துச் செத்துவிடும், உள்ளே கதகதப்பாக இருக்கிறது, பிழைத்துப் போகட்டும். மறுநாள் பெருமாள் கிழமை. பிறகு கிருத்திகை. பிறகு கந்த சஷ்டி ஆறு நாளும். அதன் பிறகு நாள் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஓணானுக்குக் கீரையும் பரங்கிக்காயும், பூச்சிகளுக்கு அரிசி மாவும் காரட் துண்டும் என்று ஆகிவிட்டது. சண்முகவேல் வாரம் தவறாமல் வாங்கி வந்ததையெல்லாம் அவள் வாரம் தவறாமல் விடுதலை செய்தாள். அதில் அவளுக்குப் புண்ணியம் கொஞ்சம், பழி தீர்த்த திருப்தி நிறைய.

மாவைத் தூவியதும் அவை கத்துவதை நிறுத்திவிடும். காகிதத்தில் மணலைத் தேய்ப்பதுபோன்ற மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். சாப்பிட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் சில நாள் அங்கேயே நின்றிருக்கிறாள். இந்த வீட்டில் அவள் போட்டதைக் குறை சொல்லாமல் தின்பவை அவை மட்டும்தான்.

அன்றும் மாவைத் தூவினாள். அடங்கின. கீரையை வைக்கத் தொட்டிப் பக்கம் திரும்பியபோது ஓணான் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாடி கறுத்திருந்தது. கோபம் வந்தால் அதற்குத் தாடி கறுக்கும். பின்னங்காலில் ஒரு விரல் பாதியோடு நின்றிருந்ததை அவள் குனிந்து பார்த்தாள். தோல் உரிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே வந்ததும் ஹர்ஷ் கூப்பிட்டான்.

"அம்மா, காஸ்தோன் எப்படி இருக்கான்?"

"உங்கம்மாவும் உயிரோடதான் இருக்கா."

"சொல்லும்மா. அவன் சாப்பிடாம விட்ட கிரிக்கெட்டை உள்ளயே விட்டு வைக்காத. தூங்கும்போது கடிச்சிடும்."

"ஓணானைப் பூச்சி கடிக்குமா? நல்லா இருக்குடா உன் கதை."

"சீரியஸ்லி மா. பசிச்சா கால் விரல், கண்ணு, எதையும் விடாது. நெட்ல போட்டோவே இருக்கு. அப்பாகிட்ட குடு."

அப்பாவிடம் கொடுத்தாள். பிள்ளை ஓணானைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான் போலும். சண்முகவேல் செல்போனோடு கீழே போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அலமு, அதோட விலா எலும்பை எண்ணலாம். நீ அதுக்கு என்ன போடற?"

"கீரை."

"நான் வாங்கிட்டு வந்த பூச்சி?"

அவள் சொன்னாள். மறைக்கவில்லை. சொல்வதற்குக் காத்துக்கொண்டிருந்தவள்போலச் சொன்னாள்.

"வீட்டுக்குள்ளயா? அத்தனையுமா?" அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பூச்சி மேல அவ்வளவு இரக்கம், ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுக் கொல்லறியே!"

"வாயில்லா ஜீவன் நான். இருபத்தாறு வருஷமா! உங்க பிள்ளை, உங்க சர்க்கரை, உங்க ஓணான், எல்லாம் நான்தான் பாக்கணும். கொலையும் நான்தான் பண்ணணுமா?"

அதற்குப் பிறகு நடந்தது பேச்சு இல்லை. கல்யாணத்தில் மரியாதை குறைந்ததிலிருந்து, டிரைவ்வேயில் பனி அள்ளாததுவரை எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் அவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நான் கீழயே படுத்துக்கறேன். அதையாவது காப்பாத்தறேன்."

"போங்க. ஓணானோடயே குடித்தனம் பண்ணுங்க. உங்க காலையும் இனிமே நீங்களே பாத்துக்குங்க."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைக்கும் என்று தெரிந்துதான் சொன்னாள். சர்க்கரை அவர் பாதங்களில் உணர்ச்சியைத் தின்று பல வருடமாகிறது. ஆணி குத்தினாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. கால் பராமரிப்புக்கு வரும் நர்ஸ் வினோஜா, யாழ்ப்பாணத்துப் பெண், முதல் நாளே சொல்லியிருந்தாள்: "ஒவ்வொரு நாளும் பாக்க வேணும் அக்கா. அவருக்கு நோகாது. நீங்கள் பாத்தாத்தான் தெரியும்." அன்றிலிருந்து தினமும் மாலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பாள். சண்டை போட்ட நாளிலும் பார்ப்பாள். இந்த முறை பார்ப்பதாக இல்லை.

வீம்பு என்றால் இருவருக்கும் வீம்பு. அவள் வேலைக்குப் போயிருக்கும்போது அவர் மேலே வந்து குளிப்பார். அவள் திரும்பும்போது பேஸ்மென்ட் கதவு சாத்தியிருக்கும். இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, விளக்கைக்கூடப் போடாமல் திரும்பிவிடுவாள். ஃபர்னேஸ் அறைப்பக்கம் அவள் போகவில்லை. மாவும் போடவில்லை. அவர்தானே காப்பாற்றுகிறார், காப்பாற்றட்டும்.

தட்டு காலையில் காலியாக இருந்தது. சும்மா காலியாக இல்லை, துடைத்து வைத்ததுபோல இருந்தது. சாம்பாரில் போட்ட கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கி வைக்காமல் அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. இப்போது கறிவேப்பிலை இல்லை. முருங்கைக்காய்ச் சக்கை இல்லை. வற்றல் மிளகாயின் காம்புகூட இல்லை. அலமு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைச் சுழித்தாள். பசித்தால்தானே பெண்டாட்டி சமையலின் அருமை தெரிகிறது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் குப்பையைப் பிரித்துப் போடும்போது நீலக் குப்பைத் தொட்டியின் அடியில் பிட்சா அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள், ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் செருகியிருந்தன. அவளுக்கு மூக்கு நுனிவரை கோபம் ஏறியது. சர்க்கரையை வைத்துக்கொண்டு பிட்சா! அவள் வேலையிலிருந்து வந்து வேகவைத்துத் தாளித்துக் கொண்டுபோய் வைக்கிறாள், இவர் வரவழைத்துத் தின்கிறார். அன்றிலிருந்து தட்டை நிறுத்தினாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டேயிருந்தது. மாலையில் வீடு திரும்பியதும் அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. கீழேயிருந்து சூட்டைக் கொண்டுவரும் குழாயின் துவாரம் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் வழியாகச் சூட்டோடு அந்தச் சத்தமும் வந்தது. முதலில் கிர்கிர் என்று, பிறகு இடைவிடாமல், பிறகு ஒரே இழையாக. இப்போது சுவருக்குள்ளிருந்தும் வருவதுபோல இருந்தது. சிங்கின் அடியிலுள்ள கதவைத் திறந்தால் ஒன்று உட்கார்ந்திருக்கும். மீசையை ஆட்டும். ஓடாது. அவள் ரேடியோவைப் பெரிதாக வைத்தாள். தொட்டியில் ஓணான் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை நினைத்தாள். அதற்குமேல் நினைக்கக் கோபம் விடவில்லை.

அன்று சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி.

சத்தம் இல்லை.

ரேடியோவை அணைத்தாள். குழாய்த் துவாரத்தில் காதை வைத்தாள். சூடான காற்று. அந்த நாற்றம். வெகு கீழே சண்முகவேலின் குறட்டை, நிதானமாக, ஏறி இறங்கி. வேறு ஒன்றும் இல்லை.

அப்பாடா, செத்துத் தொலைந்தன என்று நினைத்தாள். மருந்து அடித்திருப்பார். அப்படி நினைத்துக்கொண்டே கரண்டியைக் கழுவினாள். கரண்டியைக் கழுவும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஆள் வந்தால் அவை அடங்கிய காலம் போய்விட்டது. இப்போது அவை அடங்குவது தின்னும்போது மட்டும்தான்.

அவள் ஒன்றும் போடவில்லையே.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் பிட்சா தின்றவர் கறிவேப்பிலையைத் தின்றிருக்க மாட்டார். காம்பைத் தின்றிருக்க மாட்டார்.

"ஏங்க!" என்று கத்தினாள்.

குறட்டை ஏறி இறங்கியது.

கதவைத் திறந்தாள். படிப் பலகை கிறீச்சிட்டது. காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. அப்பளம்போல. அடுத்த படியிலும். அவள் கைப்பிடியைப் பற்றினாள். கைப்பிடி அசைந்தது. கையை உதறினாள். இறங்கினாள்.

தொட்டி விளக்கு எரிந்தது. அதன் கம்பி வலை மூடி பழுப்பாக இருந்தது. உள்ளே மணலில் நீளமாக, ஒழுங்காக, ஒரு முள்ளந்தண்டு. வால் நுனிவரை. சீப்பைக் கவிழ்த்து வைத்ததுபோல.

அவள் தொட்டியைப் பார்ப்பதை நிறுத்தினாள். "ஏங்க."

சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். முழங்கால்வரை போர்வை. ஒலியை அணைத்த டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் அவர் முகத்தில் நீலமாக வந்து வந்து போனது. மூச்சு சீராக இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. அலமு அவர் காலருகில் கிடந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வந்தது. ஆள் இருக்கிறார். போதும். சமைக்காமல் போனதும், பேசாமல் போனதும், காலைப் பார்க்காமல் போனதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

போர்வைக்கு வெளியே இரண்டு கால்களிலும் கனமான பழுப்பு சாக்ஸ். எத்தனை வருடமாக அவள் கெஞ்சியும் வீட்டுக்குள் சாக்ஸ் போடாத மனுஷன்.

டிவி வெளிச்சம் மாறியது.

சாக்ஸுக்கு மீசை இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அந்தச் சத்தம் மட்டும், காகிதத்தில் மணலைத் தேய்ப்பதுபோல. மெதுவாக. பொறுமையாக. நிற்காமல்.

குறட்டை நின்றது. சண்முகவேல் புரண்டார். முக்காலியில் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்து, தூக்கக் கலக்கத்தில் சிரித்தார்.

"வந்துட்டியா?" என்றார். "கோபம் போச்சா?"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள். அவருக்கு அது புரியவில்லை. தினமும் மாலையில் செய்வதுபோல, வலது காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். கனமே இல்லாமல் விழுந்தது. பழுப்பு கொஞ்சம் விலகியது, அவள் நைட்டியின்மேல் ஏறத் தொடங்கியது. விலகிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடம் அது.

"புண்ணு கிண்ணு ஒண்ணும் இல்லையே?" என்றார் சண்முகவேல், கண்ணைத் திறக்காமல். பிறகு அடுத்த காலையும் தூக்கி வைத்தார்.