மசாத்லானில் இறங்கியவள்

"நான் இறங்கல. நீ வேணும்னா போ."

சொல்லிவிட்டு எவெலியோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கப்பல் வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மசாத்லான் துறைமுகத்தின் கலங்கரை விளக்கக் குன்று, காலை வெயிலில் மெல்ல மெல்ல அருகே வந்துகொண்டிருந்தது.

அம்பாரோ கணவரின் வெள்ளைச் சட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். "எவெலியோ... இது உன் ஊரு. நீ பொறந்து வளந்த ஊரு. கப்பல்ல வந்த வெள்ளக்காரங்க எல்லாம் எறால் திங்க எறங்குறாங்க. நீ மட்டும் போர்வைக்குள்ள கெடக்கப் போறியா?"

"ஆமா."

"உங்க அக்கா வீடு இங்கேர்ந்து நடக்குற தூரம்..."

"அந்தப் பேச்ச எடுக்காத!" அவர் எழுந்து உட்கார்ந்தார். நரைத்த மீசை துடித்தது. "போனா என்ன சொல்லுவா தெரியுமா? அம்மா சாகக் கெடந்தப்ப வராதவன், இப்ப உல்லாசக் கப்பல்ல வந்து எறங்குறான்னு சொல்லுவா. யாரால வந்துச்சு அந்தப் பேச்சு? அன்னைக்கே நீ ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா..."

எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்.

இந்தப் பயணம் மகள் மரிசெலா கொடுத்த பரிசு. எவெலியோ சான் டியேகோவில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்பாரோ பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டே கை காய்த்தவள். கப்பல் ஏறிய மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டவள்போல் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "உக்காரு கெழவி! இன்னைக்கு நீ சமைக்கலைன்னா யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க" என்று எவெலியோ சிரித்தார். யாரோ மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள். யாரோ படுக்கை விரித்தார்கள். காபோ முனையருகே கடலில் திமிங்கிலம் ஒன்று வாலைத் தூக்கிக் காட்டியபோது, அவர் சின்னப் பையனைப்போல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். மாலையில் மேல்தளத்தில் பாட்டுப் போட்டதும் நடனத்துக்குக்கூடக் கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் பார்த்த எவெலியோ திரும்பி வந்துவிட்டார் என்று அவள் நெஞ்சு குளிர்ந்திருந்தது.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது ஒலிபெருக்கி, "நாளைக் காலை மசாத்லான்" என்றது. அவர் கையிலிருந்த கரண்டியை வைத்தார். அப்போது முதல் பேச்சில்லை.

அம்பாரோ சட்டையைக் கட்டிலின் மேல் விரித்து வைத்தாள். "சரி. நீ வராட்டிப் போ. உங்கம்மா கல்லறைய நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. சாகறதுக்குள்ள பாத்துட்டு வரணும். எங்க இருக்குன்னு உங்க அக்கா சேலோவத்தான் கேக்கணும்."

"அவ உன்ன வாசல்ல நிக்க விட மாட்டா!"

"நிக்க விடாட்டி நின்னுகிட்டே இருப்பேன்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வலது முழங்கால் வலித்தது. துறைமுக வாசலில் கூரையில்லாத வாடகை வண்டிக்காரர்கள் "வாங்க சீமாட்டி, ஊரச் சுத்திக் காட்டுறேன்!" என்று கூவினார்கள். அவள் ஏறவில்லை. நடந்தாள். நடந்தால்தான் சேலோவிடம் என்ன பேசுவது என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

இருபது வருடங்களுக்கு முன்னால், மாமியார் ஹசிந்தா நோயில் விழுந்தபோது, நாத்தனார் சேலோ தொலைபேசியில் அலறினாள். "அம்மாவுக்கு முடியல... என் தம்பிய அனுப்பு!" அப்போது எவெலியோ வீட்டில் இல்லை. குடியை விட வைக்கும் இல்லம் ஒன்றில் இருந்தார். கைகால் உதறலோடு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தார். அவருடைய அப்பா குடித்தே செத்தவர். "நான் அதத் தொடவே மாட்டேன்மா" என்று தாயின் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிள்ளை அவர். உள்ளே போகும் முன் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்க வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது அம்பாரோ... தெரிஞ்சா நான் செத்துருவேன்."

அதனால் அம்பாரோ சேலோவிடம், "அவரால இப்ப வர முடியாது" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான்தான் போக வேணாம்னுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அன்றோடு அவள் கல்நெஞ்சுக்காரி ஆனாள். இல்லத்திலிருந்து வெளியே வந்து தாயின் சாவுச் செய்தி கேட்ட எவெலியோவும், "எங்கிட்ட மறைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டார். அவர் பிறகு ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவர்கள் வீட்டிலேயே குடியிருந்தது.

மஞ்சள் அடித்த வீடு. வாசலில் பந்தல் போட்டு, நான்கு மேசை வைத்து, சேலோ எலுமிச்சைச் சாற்றில் ஊறிய எறால் விற்றுக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். குழவி நின்றது.

"யாருன்னு பாத்தேன்... மகாராணி!"

"சேலோ... எப்படி இருக்க?"

"நான் எப்படி இருந்தா உனக்கென்ன? அந்தப் பெரிய கப்பல்லயா வந்த? எங்கம்மா சாகும்போது ஒரு பஸ் ஏற வழியில்ல, இப்பக் கப்பலே வருதா உனக்கு?"

மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். அம்பாரோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சண்டைக்கு வரல. அம்மாவப் பொதச்ச எடத்த மட்டும் சொல்லு. ஒரு பூ வெச்சிட்டுப் போயிடுறேன்."

"பூவா? உன் கையாலயா?" சேலோ ஈரக் கையோடு எழுந்து வந்தாள். "வாசலையே பாத்துகிட்டு கெடந்தாடி எங்கம்மா! கார் சத்தம் கேட்டா கண்ணத் தெறப்பா... ஒத்த ஆம்பளப் புள்ள! அவன முந்தானையில முடிஞ்சு வெச்சிகிட்டு, போக வேணாம்னு சொன்னேன்னு எங்கிட்டயே சொன்னியே! நீயும் ஒரு பொம்பளையா? நீயும் ஒரு தாயா?"

அம்பாரோ கைப்பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் மட்டும் தன்பாட்டில் இறங்கியது.

"போதும் சேலோ!"

பின்னாலிருந்து வந்த குரல். எவெலியோ! சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூச்சிரைத்தது. மேல்தளத்தில் நின்று, அவள் காலை இழுத்து இழுத்துத் தனியாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். பொறுக்கவில்லை, ஓடி வந்துவிட்டார்.

"வாடா ராசா" என்றாள் சேலோ கசப்பாக. "பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"இந்தப் பேச்சையா... இத்தன வருஷமா இவ சுமந்துகிட்டிருந்தா?" அவர் அக்காவைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். "நீ இவள ஏசுவேன்னு எனக்குத் தெரியும் சேலோ. ஆனா காதால கேட்டதில்ல. கேக்காததால நிம்மதியா இருந்துட்டேன்... அவ என்னத் தடுக்கல. நான் குடிகாரன். அப்பா மாதிரியே குடிகாரன்! அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடத்துல அடைஞ்சு கெடந்தேன், குடிய விடுறதுக்கு. உங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவ கால்ல விழுந்தேன். என் மானத்துக்காக இவ பழி ஏத்துகிட்டா."

சேலோ பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நீயா...? நீ குடிச்சியா?"

"ஆமா. அம்மா நோவுல இருந்தது எனக்குத் தெரியாது. வெளிய வந்தப்பறம்தான் இவ சொன்னா. அது ஒண்ணுதான் எனக்கு இன்னும்..."

சேலோவின் முகம் மாறியது. கோபமில்லை, எதையோ எட்டிப் பிடிக்கப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இரு... இரு. அப்ப அம்மா சொன்னது...?"

"என்ன சொன்னா?"

"கடைசி ரெண்டு நாளு அம்மா வாசலப் பாக்குறத நிறுத்திட்டா. சிரிச்சா, எவெலியோ! 'எம் புள்ள தெளிஞ்சிட்டு வர்றான்... கூப்புடாத, தெளியட்டும்'னு சொல்லிட்டே இருந்தா. நோவுல கெடந்தது அவ. நீ தெளியறேன்னு சொன்னா... காய்ச்சல்ல ஒளர்றான்னு நெனச்சு ஈரத்துணி வெச்சேன்." சேலோவின் குரல் இறங்கிவிட்டது. "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. யார் சொன்னது? எனக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் அம்பாரோவைப் பார்த்தார்கள்.

"எறால் காயுது பாரு..." என்றாள் அம்பாரோ, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"அம்பாரோ!" எவெலியோ அவள் கையைப் பிடித்தார். "அம்மாகிட்ட நீ பேசினியா?"

"விடு கெழவா... வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பந்தல் காலில் சாய்ந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சேலோ திட்டின மறுநாள் மனசு கேக்காம திரும்பக் கூப்புட்டேன். அவ மருந்துக் கடைக்குப் போயிருந்தா. அம்மாவே எடுத்தாங்க. 'எம் புள்ளைக்கு என்ன ஆச்சு, உண்மையச் சொல்லு'ன்னாங்க. அவங்ககிட்ட எனக்குப் பொய் வரல... சொல்லிட்டேன். அப்பறம் சொன்னாங்க, 'எம் புருஷன இப்படி ஒரு எடத்துல கொண்டுபோய் விட எனக்குத் தைரியம் வரல. நீ செஞ்சிருக்க. அவன வெளிய விடாத. என்ன வந்து பாத்தா, என்னப் பொதச்ச கையோட மறுபடி பாட்டில எடுப்பான். நான் சாவுறத அவன்கிட்ட சொல்லாத'ன்னாங்க."

"அதை... அதை அப்பறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!" எவெலியோ கதறினார். "எத்தன வருஷம் உன்ன குத்திக்காட்டியிருக்கேன்! இன்னைக்குக் காலையிலகூட..."

"எப்படிச் சொல்லுவேன்? 'நான் இத அறிஞ்சேன்னு அவனுக்குத் தெரிய வேணாம்மா. சத்தியத்தக் காப்பாத்தின புள்ளையாத்தான் நான் அவன நெனச்சிகிட்டு செத்தேன்னு அவன் நம்பட்டும். அந்த நெனப்புதான் அவன நிமித்தும்'னாங்க. நான் சொல்லியிருந்தா, அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு நீ கூசிப்போயிருப்ப. கூசினா குடிச்சிருப்ப..." முந்தைய வார்த்தைகளைவிட மெதுவாகச் சொன்னாள். "உனக்கு எம்மேல கோவம் இருந்துச்சு. ஆனா நீ குடிக்கல. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

எவெலியோ அந்த வாசலிலேயே, எல்லோரும் பார்க்க, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு குலுங்கியது. "எங்கம்மாவ நீ நிம்மதியா அனுப்பி வெச்சிருக்க... நான் உன்ன..." என்று அவள் தோளில் முகம் புதைத்தார்.

சேலோ அருகே வந்தாள். மிளகாய்க் கையை உடையில் அழுந்தத் துடைத்தாள். அம்பாரோவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தத் தூக்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மிளகாக் கை... கண்ணெரியும் உனக்கு" என்று சொல்லிவிட்டு, நெற்றியை அவள் தோளில் வைத்துக் குழந்தைபோல் தேம்பினாள். "நான் சொன்னதெல்லாம்... எத்தன பேர்கிட்ட சொன்னேன்! தெருவுல, கோயில்ல, சந்தையில..."

"அத்தன பேர்கிட்டயும் போயி மாத்திச் சொல்லு" என்றாள் அம்பாரோ, அழுகைக்கு நடுவே.

"சொல்றேன்! வீடு வீடாப் போயி சொல்றேன்!"

அப்போதே தொடங்கியும் விட்டாள். மேசையில் எறாலை மறந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "என்ன பாக்குறீங்க? இவதான் என் தம்பி பொண்டாட்டி! எங்கம்மாவோட உண்மையான மக!" என்று அதட்டினாள்.

மூவரும் கல்லறைக்குப் போனார்கள். அம்பாரோ தானே தேர்ந்தெடுத்து வாங்கிய வெள்ளைப் பூக்களைக் கல்லின் மேல் வைத்தாள். எவெலியோ கல்லில் உள்ளங்கையைப் பதித்து, "தெளிஞ்சிட்டேம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு சேலோ அவர்களைத் திரும்ப இழுத்துப்போய், வயிறு முட்ட எறாலும் சோளத் தோசையும் ஊட்டாத குறையாகப் போட்டாள். "அந்தக் கப்பல் போகட்டும், இங்கயே இருங்க" என்று அடம் பிடித்தாள். "என் துணியெல்லாம் அதுல இருக்கு!" என்று அம்பாரோ சொன்னபோது, மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது.

துறைமுக வாசல்வரை சேலோ வந்தாள். அம்பாரோவின் கையை விடவில்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. என்ன மன்னிச்சிட்டியா?"

அம்பாரோ கொஞ்சம் யோசித்தாள். "பொய் சொல்ல மாட்டேன் சேலோ. இன்னும் கொஞ்சம் வலிக்குது. நவம்பர்ல செத்துப்போன பெரியவங்களுக்குப் பூ வெக்கிற நாளுக்கு வர்றேன். ரெண்டு பேரும் சேந்து அம்மா கல்லறைய அலங்கரிப்போம். அதுக்குள்ள ஆறிடும்."

"அதுவரைக்கும் நான் உசுரோட இருக்கணுமே!"

"இருப்ப. எங்கிட்ட மன்னிப்பு வாங்காம நீ எப்படிச் சாவ?"

சேலோ கண்ணீரோடு சிரித்தாள். இந்த முறை அம்பாரோதான் முதலில் கைகளை விரித்தாள்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. கம்பித் தடுப்போரம் நின்ற எவெலியோ, வாசலில் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்த சின்ன உருவம் மறையும்வரை கையசைத்தார். பிறகு தயங்கித் தயங்கி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கு நவம்பர்ல ஆறிடும்னு சொன்ன... எனக்கு?"

"உனக்கா? உனக்கு நவம்பரெல்லாம் போதாது கெழவா. இன்னும் ரொம்ப வருஷம் ஆகும்" என்றாள் அம்பாரோ. சொல்லிவிட்டு, வலிக்கும் காலைத் தளர்த்திக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அவர் மேல் சாய்த்தாள்.

அவர் அசையாமல் தாங்கி நின்றார்.