மத்தியானச் செய்தியில் ஒரு சாவு!

ட்ரிங்... ட்ரிங்...

வுனிலோவா தீவின் சமூக வானொலி நிலையத்தில் ஒரு அறை, ஒரு மைக், ஒரு போன்.

போன் அலறியது!

விலிமைனா எடுத்தாள். நாற்பத்திரண்டு வயது. செய்தி சேகரிப்பதும் எழுதுவதும் வாசிப்பதும் அவள்தான். அறையைப் பெருக்குவதும் அவள்தான்.

"புலா! வணக்கம், ரேடியோ வுனிலோவா."

"நான்தாம்மா, மெத்துயிசெலா."

நிலையக் கமிட்டித் தலைவர். கடல் அட்டை வியாபாரி. கூரை மேலிருக்கும் சோலார் பலகை அவர் போட்ட பிச்சை. அதை வாரம் ஒரு முறையாவது ஞாபகப்படுத்துவார்.

"சொல்லுங்க தலைவரே."

"மத்தியானச் செய்தியில ஒரு சாவு அறிவிப்பு வாசிக்கணும். நம்ம சகியுசா... கடல்ல மூழ்கிட்டான். பாவம்!"

பேனா நின்றது.

சகியுசா கடல் காவலன். தடை போட்ட பவளத்திட்டில் கடல் அட்டை திருடுபவர்களைப் பிடிப்பது அவன் வேலை. போன வாரம் இதே அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, "திருடறது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் பேரைச் சொல்றேன்" என்று சிரித்துவிட்டுப் போனவன்.

"உடம்பு எங்க இருக்கு தலைவரே?"

"கடல்ல!"

"யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கல. அதான் மூழ்கிட்டான்னு சொல்றேன்ல! நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும், யாரும் தேடிப் போக வேணாம்னும் சேர்த்து வாசி."

டக். போன் வைக்கப்பட்டது.

குடும்பத்தார் வாயால் கேட்காமல் சாவு வாசிப்பதில்லை. அது நிலையத்தின் சட்டம். சகியுசா வீட்டுக்குப் போன் போட்டாள். அவன் மனைவி லைசா எடுத்தாள்.

"லைசா, சகியுசா எங்கம்மா?"

"விடிஞ்சதும் கடலுக்குப் போனாருக்கா. சாப்பாட்டுக்கு வந்துடுவாரு. மரவள்ளி வேகுது. ஏன்க்கா... குரல் ஒரு மாதிரி இருக்கு?"

பெண்டாட்டிக்கே தெரியாத சாவு, வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது!

"அவரைப் பத்தி ஒரு பேச்சு வந்திருக்கு. நிஜமான்னு தெரியல. தெரிஞ்சா முதல்ல உனக்குத்தான் சொல்வேன். போன் பக்கத்துலயே இரு."

அடுத்த கட்டடம் போலீஸ் சாவடி. தீவின் ஒரே போலீஸ்காரரான ஏமோசி வாசலில் உட்கார்ந்து பூட்ஸை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்.

"தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். வாசிச்சுடு. தப்பா இருந்தா நாளைக்கு ஒரு திருத்தம் போட்டுக்கோ."

"சாவுக்குத் திருத்தமா சார்?"

"பத்திரிகை, ரேடியோன்னா இதெல்லாம் சகஜம்மா."

"இங்க சகஜம் இல்ல சார். செத்துட்டான்னு நான் வாசிச்சா ஒரு படகும் தேடிப் போகாது. அப்புறம் அது பொய்னு ஆச்சுன்னா... நாளைக்குப் புயல் வருதுன்னு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தன் மேட்டுக்கு ஏற மாட்டான்!"

ஏமோசி பூட்ஸைத் திருப்பி வைத்தார்.

பகல் பன்னிரண்டு. விலிமைனா மைக்கை இழுத்தாள்.

"கடல் காவலர் சகியுசா காலையில் கடலுக்குப் போனவர் இன்னும் கரை திரும்பவில்லை. அவர் இறந்துவிட்டதாக ஒருவர் நமக்குச் சொன்னார். அதை நாம் உறுதி செய்ய முடியவில்லை. அவர் படகைப் பார்த்தவர்கள் உடனே கூப்பிடுங்கள்."

ட்ரிங்...!

"அக்கா, எனக்கு அந்தப் பழைய தேவாலயப் பாட்டு போடுங்க."

"வைம்மா போனை!"

ட்ரிங்...!

"என் ஆட்டையும் காணோம். அதையும் சேர்த்து வாசிப்பீங்களா?"

"ஆட்டுக்கு அப்புறம் வரேன் மாமா!"

ட்ரிங்...!

"விலிமைனா, நான் வடக்குக் கிராமத்து தோரிகா. காலையில சிப்பி பொறுக்கப் போனேனா... சகியுசா படகு கறுப்புப் பாறைப் பக்கம் போச்சு. ரெண்டு பேர் இருந்தாங்க."

விலிமைனா நிமிர்ந்தாள்.

"ரெண்டாவது ஆள் யாருக்கா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. திரும்பி வரும்போது படகுல ஒரே ஆள்தான்! சரி, இன்னொருத்தரைப் பாறையில இறக்கிட்டு வராப்லன்னு நினைச்சேன்."

அடுத்த நொடி அது ஒலிபரப்பானது. கறுப்புப் பாறை! கரையில் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்த மீனவர்கள் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். எட்டுப் படகுகள் சீறின.

லைசாவுக்கும் சொன்னாள். மறுமுனையில் அழுகை இல்லை. "நானும் படகுல போறேன்க்கா" என்று மட்டும் கேட்டது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்...

கதவு படார் என்று திறந்தது. மெத்துயிசெலா!

"உன்னை என்ன வாசிக்கச் சொன்னேன்... நீ என்ன வாசிச்சே?"

"தெரிஞ்சதை வாசிச்சேன் தலைவரே. மனைவிக்கே தெரியாத சாவு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அடுத்து அதையும் வாசிக்கணும், சொல்லுங்க."

"என் சோலார்ல எனக்கே குழி தோண்டறியா?"

பாட்டரிப் பக்கம் பாய்ந்தார். வயரைப் பிடித்து ஒரே இழு!

மைக் செத்தது.

"இப்ப வாசிடி பார்க்கலாம்!"

விலிமைனா பின்வாங்கிச் சுவரில் ஒட்டினாள். அவர் கை அவள் கழுத்தை நோக்கி வந்தது...

வெளியே தடதடவென்று சத்தம்.

தீவின் மூன்று கிராமத்து ஆண்களும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலேயே பெண்கள். பாதிரியார் எல்லோருக்கும் முன்னால்!

அன்று ரக்பி இறுதிப் போட்டி. வர்ணனை தொடங்கும் நேரத்தில் தீவு முழுக்க ரேடியோ ஊமையாகியிருந்தது.

கொலை என்றால்கூட அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். ரக்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"எவன்டா கரண்டைப் பிடுங்கினது?"

மெத்துயிசெலா கையிலிருந்த வயரைப் பார்த்தார். ஒளித்து வைக்க நேரமில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏமோசி வந்தார். சட்டென்று விலங்கை மாட்டினார்.

"சகியுசாவைக் கொன்னதுக்காக உன்னைக் கைது பண்றேன்!"

"நானா? ஏமோசி... நீதானே எனக்கு..."

"வாயைத் திறக்காதே! எதுவானாலும் கோர்ட்டுல பேசிக்கோ!"

வாசலில் ஒரு கூச்சல். மீனவர்கள் இரண்டு பேர் ஒருவனைத் தோளில் தாங்கி வந்தார்கள். தலையில் ரத்தக்கட்டு. உதடு உப்பில் வெடித்திருந்தது. லைசா அவன் இடுப்பை விடவே இல்லை.

சகியுசா!

"கறுப்புப் பாறையைக் கட்டிக்கிட்டுக் கிடந்தான்" என்றார் ஒரு மீனவர். "தண்ணி கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. இன்னும் கொஞ்சம் லேட்டாப் போயிருந்தா நீ சாவு வாசிச்சிருக்கலாம்."

விலிமைனாவின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். செய்தியாளர் வேலை முதலில்.

"சகியுசா, உன்னைத் தள்ளினது இவர்தானே?"

சகியுசா விலங்கு மாட்டியிருந்த மெத்துயிசெலாவைப் பார்த்தான். தலையை ஆட்டி மறுத்தான்.

"இவர் அட்டையை வாங்கி விக்கறவர். திருடறது வேற ஆள். திருடனைப் பிடிக்கலாம் வான்னு கூட்டிட்டுப் போய், துடுப்பால தலையில அடிச்சுத் தள்ளிட்டு, என் படகுலயே கரைக்கு வந்தது..."

விரல் நீண்டது.

"...அவரு!"

ஏமோசி!

கூட்டம் மெதுவாகத் திரும்பியது. உள்ளூர் ரக்பி வீரர்கள் நாலு பேர் கதவை அடைத்து நின்றார்கள். அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை லைசா உருவிக்கொண்டாள்.

பாதிரியார் வயரைப் பாட்டரியில் மாட்டினார். மைக்கில் சிவப்பு விளக்கு உயிர் பெற்றது.

"எல்லாம் சரி விலிமைனா. தீவுல இருக்கறதே ஒரு போலீஸ்காரர். அவரை லாக்கப்புல யார் போடறது?"

விலிமைனா ரக்பி வர்ணனைக்கு ஒலியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"அவரையே போடச் சொல்லுங்க ஃபாதர். இன்னிக்கு டூட்டி அவருக்குத்தானே!"