அபிஷேகப்பாக்கத்து எச்சில் குழாய்

“கொழந்த எம் மவனுக்குப் பொறந்ததே இல்லைன்னு டெஸ்டே சொல்லிடுச்சு. இன்னும் இன்னாடி எங்க வூட்ல ஒனக்கு வேல? கெளம்பு!”

அம்சவள்ளியின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. கேட்காதவர்கள் நலன் கருதி இன்னொரு முறையும் கத்தினாள். மருமகள் ஜெயசித்ரா மூன்று வயது மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, “நான் வரச்சொல்லியிருக்கறவரு வந்து வெசாரிக்கட்டும். அப்பறம் போறேன்” என்றாள்.

வந்தவர் வில்லியனூர் உலகநாதன், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். கூடவே ஆட்டோக்காரன் பாக்யராஜ். துப்பு என்றால் வாடகையைக்கூட மறந்துவிடுகிறவன்.

விஷயம் இதுதான். குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு. மூளையில் குளுட்டமேட் என்ற ரசாயனம் கொண்டுவரும் சேதியை வாங்க ஏற்பிகள் உண்டு. அவற்றைக் கட்டுக்குள் வைக்க ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் கோளாறு என்றார் டாக்டர். யார் வழியில் வந்தது என்று பார்க்கப் பெற்றோரின் எச்சிலைக் கேட்டார். வீட்டிலேயே குழாயில் துப்பி அனுப்பினார்கள். தாயின் எச்சில் பொருந்தியது, தகப்பனுடையது பொருந்தவில்லை. மீதியைத் தெருவே தீர்மானித்துக்கொண்டது.

“டெஸ்ட் பண்ற எடத்துல குழாய மாத்திட்டாங்களா, சார்?” என்றான் பாக்யராஜ்.

“பொறு.” உலகநாதன் அம்சவள்ளியிடம் திரும்பினார். “உங்க பையன் ஒழுங்காத்தான் துப்பினாரா?”

“எம் மவன் அப்ப சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான் சார். பீடி கெடையாது, வெத்தல பாக்கு கெடையாது. சாமி வாயி!”

அந்தச் சாமி வாயின் சொந்தக்காரன் நவநீதன் தரையைப் பார்த்தான். மாட்டுக்கொட்டகை ஓரம் அவன் கூட்டாளி, டிராக்டர் ஓட்டும் அன்புராஜ், செம்பருத்திச் செடியடியில் சிவப்பாகத் துப்பினான். நவநீதனின் தங்கை தீபிகா, நிச்சயதார்த்தம் நெருங்கியவள், கதவோரம் நின்றாள்.

உலகநாதன் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி பிடித்தார்.

“அப்பா குழாயா? நல்லா ஞாபகம் இருக்கு சார். வெத்தல போட்டுத் துப்பின மாரி ஒரே செவப்பு!”

அன்புராஜ் வாயில் இருந்ததை விழுங்கினான்.

“விரதத்துல இருந்தவரு எச்சில் எப்படிச் செவந்தது?” உலகநாதன் குரலை உயர்த்தவில்லை. “வலிப்பு உங்க வழியில வந்ததுன்னு தெரிஞ்சா தங்கச்சி சம்பந்தம் முறிஞ்சிடும்னு பயம். கூட்டாளியத் துப்பச் சொன்னீங்க. யாரு அப்பன்னும் அதே எச்சில் காட்டிக்கொடுக்கும்னு ரெண்டு பேருக்குமே தோணல.”

“கோளாறு இல்லைன்னு வரும், அதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன் சார்” என்றான் நவநீதன்.

ஜெயசித்ரா அழவில்லை. “உங்கம்மா என்னைத் தெருவுல நிக்கவச்சி ஏசுனப்பல்லாம் பாத்துக்கினுதான நின்ன?”

இம்முறை நவநீதனே குழாயில் துப்பினான், உலகநாதன் கண்ணெதிரே. முடிவு வந்தது. மகள் அவனுடையவள்தான். கோளாறு மட்டும் அவனிடமும் இல்லை, ஜெயசித்ராவிடமும் இல்லை. குழந்தையிடம் புதிதாய் உண்டானது. இத்தனை பாடும் இல்லாத ஒன்றை மறைக்க.

சம்பந்தம் எப்படியும் முறிந்தது, வலிப்புக்காக அல்ல, பொய்க்காக. ஆவணியில் தீபிகா அன்புராஜையே கட்டிக்கொண்டாள். கல்யாணத் தாம்பூலத்தை மாப்பிள்ளை தொடவில்லை என்று கேள்வி. ஜெயசித்ரா மகளோடு பாகூரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் நவநீதன் மாத்திரையோடு போகிறான். மாத்திரை உள்ளே போகிறது, அவன் வாசலோடு திரும்புகிறான் என்கிறான் ஆட்டோவில் கொண்டுபோய் விடும் பாக்யராஜ்.