கைகாட்டிய பக்கம்

முற்றத்தை அப்போதுதான் பெருக்கியிருக்க வேண்டும். விளக்குமாற்றின் வரிகள் மணலில் விசிறி விசிறியாகக் கிடந்தன. அந்த வரிகளின் மேல், குடிசை வாசலில் புறப்பட்டுப் புளியமரத்தடி வரை போய் மறுபடி வாசலுக்கே திரும்பியிருந்தன ஒரு குழந்தையின் வெறுங்கால் தடங்கள்.

முசோண்டா காரை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஹமூங்காவுக்குப் பிள்ளை இல்லை, பெண்டாட்டியும் விட்டுப் போய்விட்டாள், அந்த வீட்டுப் பக்கம் யாரும் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று கடைத்தெருவில் வழி சொன்னவன் சொல்லியிருந்தான். வழி தவறி வந்த பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் எல்லாத் தடங்களிலும் இடது பாதம் மட்டும் உள்பக்கமாகத் திரும்பிப் பதிந்திருந்தது. அவன் மகள் மபாலோ அப்படித்தான் நடப்பாள்.

காலடியில் இருந்த தடத்தை ஷூவால் தேய்த்து அழித்தான். மனைவி சிலேஷே பார்ப்பதற்குள்.

"பாஷி மபாலோ, மூட்டையை இறக்குங்க" என்றாள் அவள்.

அவர்கள் பக்கம் பிள்ளை பிறந்த அன்றே தகப்பனுடைய சொந்தப் பெயர் போய்விடும். பாஷி என்றால் இன்னாரின் அப்பா, பனா என்றால் இன்னாரின் அம்மா. பிள்ளையைப் புதைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அலுவலகத்திலும் சர்ச்சிலும் யாராவது அவனை அழைக்கும்போதெல்லாம் முதலில் மபாலோ வந்து நின்றாள், பிறகுதான் அவன் திரும்பிப் பார்த்தான்.

போன ஆகஸ்டு விடுமுறைக்கு லுசாகாவிலிருந்து இதே சியாவொங்காவுக்கு வந்திருந்தார்கள். ஏரிக்கரையில் விடுதி. மபாலோவுக்கு ஐந்து வயது. படகு, மீன், மணல் என்று செருப்பே போடாமல் திரிந்தாள். ஊர் திரும்பும் காலையில் சிலேஷே அறைக்குள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது முசோண்டா காரைப் பின்னால் எடுத்தான். பின்சக்கரத்துக்கு அருகே மபாலோ குந்தி உட்கார்ந்து ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவற்காரன் கையைக் காட்டி வா வா என்றான், நான் வந்தேன் என்றுதான் போலீசிடம் அவன் சொன்னான். இழவு வீட்டில் சிலேஷேயின் அண்ணன்மார் சுற்றி நின்று கேட்டபோதும் அதையே சொன்னான். விடுதிக்காரர்கள் அந்தக் காவற்காரன் ஹமூங்காவை உடனே வேலையை விட்டு அனுப்பினார்கள். சொல்லச் சொல்ல முசோண்டாவின் கண்ணுக்கே அந்தக் கை தெரிய ஆரம்பித்தது. வா, வா, இன்னும் இடம் இருக்கிறது.

அன்று கண்ணாடியில் அவன் பார்த்தது அந்தக் கை இல்லை. தலைக்கு மேல் தூக்கிய இரண்டு கைகள். முந்தின நாள் மாலையில் "இங்க வண்டி நிறுத்தக் கூடாதுங்க" என்று சொன்னதற்காக அதே ஆளை எல்லோர் முன்னாலும் திட்டி விரட்டியிருந்தான். காலையில் மறுபடியும் அவர். ஒரு காவற்காரன் எனக்கு நில் என்று சொல்வதா என்று ஓர் எண்ணம். கால் தானாக அழுந்தியது.

இப்போது வந்திருப்பது சிலேஷேயின் பிடிவாதத்தால். மன்னிக்காதவரை உனக்குத் தூக்கம் வராது மகளே என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். அந்த ஆளை நேரில் பார்த்து மன்னிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரில் சோளமாவு மூட்டையும் எண்ணெய்க் கேனும் ஏற்றியவள் அவள்தான்.

ஹமூங்கா குடிசைக்குப் பின்னாலிருந்து வந்தார். தோளெலும்பு சட்டையைத் துருத்திக்கொண்டு நின்றது. குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் மெல்லத் தட்டி வணங்கினார்.

"வாங்க பாஷி மபாலோ. வாங்க பனா மபாலோ. இன்னைக்கு வருவீங்கன்னு தெரியும்."

"யாரு சொன்னா?" என்றான் முசோண்டா.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். கதவுக்குப் பதிலாகத் தொங்கிய பழைய துணி காற்றில்லாத அந்தச் சாயங்காலத்தில் அசையாமல் நின்றது. அதன் கீழே ஒரு தகரத் தட்டில் தோலோடு அவித்த நிலக்கடலை. அடுப்புப் புகை, கூரையில் காயப்போட்ட கபெண்டா மீனின் வாடை, வெயிலில் வெந்த மண்ணின் நெடி, இவை எல்லாவற்றுக்கும் அடியில் முசோண்டாவின் மூக்கு இன்னொன்றைத் தேடிப் பிடித்தது. பின்னல் போடும்போது மபாலோவின் தலையில் தடவுகிற எண்ணெய். மூச்சை அடக்கிக்கொண்டான்.

முக்காலியில் உட்கார்ந்ததும் சிலேஷே பேச ஆரம்பித்தாள். காரில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்த பேச்சு.

"பெரியவரே, நான் சண்டைக்கு வரல. உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் வா வான்னு கையைக் காட்டினீங்க? பாப்பா உக்காந்திருந்தது தெரியலையா?"

ஹமூங்கா தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அம்மா, நான் ரெண்டு கையையும் தூக்கினேன். நில்லுங்க நில்லுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். போலீசுகிட்டயும் அதைத்தான் சொன்னேன். காவக்காரன் சொல்லு எந்த அம்பலத்துல ஏறும்?"

சிலேஷே கணவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கேள்விகூட இன்னும் முழுதாக உருவாகவில்லை. அந்த முகம்தான் அவனைப் பயமுறுத்தியது.

துணிக்கு அந்தப் பக்கம், இருட்டுக்குள், நிலக்கடலைத் தோல் உடைகிற சத்தம் கேட்டது. டிக். சற்று நேரம் கழித்து இன்னொரு டிக்.

"எலி" என்றான் முசோண்டா. யாரும் கேட்கவில்லை.

"நீங்க சொல்லுங்க பாஷி மபாலோ" என்றார் ஹமூங்கா. குரலில் கெஞ்சல் இருந்தது. தனக்காகக் கெஞ்சுகிற குரலாக அது இல்லை. "கண்ணாடில பாத்தீங்களே. பாத்ததை மட்டும் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

டிக்.

"நீதானய்யா வா வான்னே!" முசோண்டா எழுந்துவிட்டான். "கையைக் காட்டிட்டு இப்ப மாத்திப் பேசுறியா? எம் பொண்ணை நானே கொல்லுவேனா?"

உடைக்கிற சத்தம் நின்றது.

ஹமூங்கா கண்ணை மூடித் திறந்தார். பிறகு வாசலைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் சொன்னார். "கேட்டுக்கிட்டியா பாப்பா?"

"என்ன நாடகம் இது?" சிலேஷே எழுந்தாள். "மன்னிக்கணும்னு மாவு மூட்டையோட வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். செத்த பிள்ளையை வச்சு விளையாடுறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" அழுதபடி போய்க் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

அவள் தன்னை நம்பிவிட்டாள். முசோண்டாவுக்கு உடம்பு லேசானது. அந்த லேசே ஒரு மாதிரி அருவருப்பாகவும் இருந்தது.

ஹமூங்கா பக்கத்தில் வந்து நின்றார். "எல்லாரும் என்னைத்தான் கைகாட்டினாங்க. பிள்ளைதானே, கைகாட்டின பக்கம் வந்துடுச்சு. புதைச்ச அன்னைக்கே வாசல்ல வந்து நின்னுச்சு. எம் பொண்டாட்டி அதைப் பாத்துட்டுதான் ஓடினா. நான் விரட்டல. பசிக்குதுன்னுச்சு, கடலை குடுத்தேன். யாரு, யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் யார் பேரையும் சொல்லல. உங்கப்பா ஒரு நாள் வருவாரு, அவரே சொல்லுவாருன்னேன்."

"உனக்குப் பைத்தியம்."

"சொல்லியிருந்தா தூங்கப் போயிருக்கும்."

அவர் காரருகே போனார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சின்னப் பிள்ளை முட்டி போட்டு, கையை ஊன்றி, இருக்கை மேல் ஏறி, நகர்ந்து உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். வண்டியின் பின்பக்கம் ஒரு விரல் அளவு அமுங்கியது. "போயிட்டு வா தாயி" என்றார். கதவை விரல் நசுங்காமல் பார்த்துச் சாத்துகிறவர்போல் மெதுவாகச் சாத்தினார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு முசோண்டா நின்றான். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், ஏறி வண்டியைக் கிளப்பினான்.

பள்ளத்தாக்கை விட்டு மேடேறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாமிரம் ஏற்றிய லாரிகள் வளைவுகளில் முனகிக்கொண்டு ஊர்ந்தன, பிரேக் கருகும் வாடை ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்தது, மலைச்சரிவில் யாரோ புல்லுக்கு வைத்த தீ சிவப்புக் கோடாக நெளிந்து கொண்டிருந்தது. சிலேஷே அழுது அழுது ஓய்ந்து, கன்னத்தை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். இத்தனை மாதங்களில் அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை.

முசோண்டா உள்கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பிவைத்தான்.

கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. காற்றும் டயர் சத்தமும்தான். கிழவன் நன்றாகப் பயமுறுத்திவிட்டான் என்று சிரிக்கப் பார்த்தான்.

அவனுடைய இருக்கையின் முதுகில் ஒரு முட்டி இடித்தது.

நீண்ட பயணத்தில் சலித்துப்போன பிள்ளை இடிப்பதுபோல. மறுபடியும். இடைவெளி விட்டு. மறுபடியும்.

எண்ணெய் வாசனை இப்போது கழுத்துக்குப் பின்னால் இருந்தது. கதகதப்பு இல்லாத மூச்சு ஒன்று அவன் காது மடலைத் தொட்டது. தொட்டு, நின்று, விலகியது. பின் இருக்கையின் துணி உரசியது. வழுக்கி இறங்குகிற சத்தம். சின்னப் பாதங்கள் தரை விரிப்பில் பட்டன.

அவன் திரும்பவில்லை. சாலை. வெள்ளைக் கோடு. சாலை.

பின்னால் வந்த லாரியின் விளக்கு வண்டிக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. முன்கண்ணாடியில் உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. அவன் முகம். சிலேஷேயின் சாய்ந்த தலை. இரண்டு இருக்கைக்கும் நடுவில், நின்றுகொண்டு, ஒருத்தி. ஒரு பக்கப் பின்னல் மட்டும் ஒழுங்காக இருந்தது. மறுபக்கத் தலை இருக்க வேண்டிய வடிவத்தில் இல்லை. அவனை அவள் பார்க்கவில்லை. அம்மாவின் காதில் வாயை வைத்திருந்தாள்.

கிசுகிசுவென்று ஒரு குரல். வார்த்தை பிடிபடவில்லை.

"மபாலோ" என்றான். "வேணாம்டா. அப்பாவே சொல்லிடுறேன். நானே சொல்றேன்."

கிசுகிசுப்பு நின்றது. அந்தத் தலை, இருந்த அளவுக்கு, அவன் பக்கம் திரும்பியது. காத்திருந்தது.

அவன் வாயைத் திறந்தான். எல்லாம் நெஞ்சில் தயாராக இருந்தது. தூக்கிய இரண்டு கைகள். அந்த எண்ணம். அழுந்திய கால். சொல்லிவிட்டால் போதும். சொல்லிவிட்டால் தூங்கப் போய்விடும்.

"காவக்காரன்தான் கையைக் காட்டினான்" என்றது அவன் வாய்.

அவனே அதைக் கேட்டான். திடுக்கிட்டு மறுபடி முயன்றான். அதே வார்த்தைகள். மறுபடியும். வேறொன்றும் வாயில் இல்லை.

லாரி அவர்களைக் கடந்து முன்னால் போனது. உள்ளே இருட்டு.

இருட்டில் கிசுகிசுப்பு மறுபடி தொடங்கியது, அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற பிள்ளையின் ஏற்ற இறக்கத்தோடு.

"ம்" என்றாள் சிலேஷே, தூக்கத்தில்.

கிசுகிசுப்பு.

"ம்."

எதிரே எந்த வண்டியும் வரவில்லை. நிறுத்த இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"அப்புறம்?" என்றாள் சிலேஷே.

வளைவைத் தாண்டி எதிரில் ஒரு விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தான். அவள் தலை இன்னும் ஜன்னலில்தான் சாய்ந்திருந்தது. ஒரு கை பின்னால் நீண்டு, கலைந்த பக்கத்து முடியை மெல்லக் கோதிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. இமைக்கவில்லை.