தறிச் சத்தத்துக்கு நடுவே

"தள்ளிப் போங்க!"

கத்தித்தான் பார்த்தாள். தறிகள் அத்தனையும் ஓடும் கூடத்தில் யார் கத்தி யாருக்குக் கேட்கும்? நூல் வண்டி அவன் முதுகை முட்ட வந்துவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு... வெளி மழையின் துளி வழிந்த மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் மிரண்ட இரண்டு கண்கள், அவள் கண்களுக்கு வெகு அருகே!

'பார்வை இல்லையா உனக்கு?' என்று கையாலேயே திட்டினாள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கைதான் வாய்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தேடி வந்தான். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரனாம். கழுத்தில் கேமரா.

"உங்க கைப்பேச்சப் படிக்க வந்தேங்க."

"ஏன், நாங்க என்ன வேடிக்கைப் பொருளா?"

"ஐயோ, இல்லீங்க! பெரிய மொழியியல் அறிஞர் ஒருத்தர் சொல்றாரு... பேச்சு நாக்குல இல்லையாம், பொறக்கும்போதே மனசுக்குள்ள இருக்காம். இருக்கிற கொஞ்சம் சொல்ல வச்சே, இதுவரைக்கும் யாருமே சொல்லாத ஒண்ணச் சொல்லலாம். கேக்கறவங்களுக்கும் பளிச்சுனு புரியும்."

"எங்க, அப்படி ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

"முதல்ல கத்துக் குடுங்க... டீச்சரம்மா!"

சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். அன்று முதல் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ரகசியமாய்ப் பாடம் நடந்தது. அவன் விரல்கள் தடுமாறும்போதெல்லாம் அவள் மனமும் தடுமாறியது.

அதற்குள் கூடத்தில் புகைச்சல் கிளம்பியது. எவன் தறியை நிறுத்துகிறான் என்று முதலாளிக்குப் படம் பிடித்துக் கொடுக்க வந்த ஒற்றனாம் அவன். மேஸ்திரி அவள் அண்ணன்தான்.

"நாளைக்கு உள்ள வரட்டும். கேமராவையும் ஒடைக்கிறேன், கையையும் ஒடைக்கிறேன்."

'அவரு அப்படி இல்லண்ணே' என்பது அவள் தொண்டை வரை வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால்? விழுங்கிக்கொண்டாள். மறுநாள் வாசலில் அவனைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போய்விடுவான் என்று நினைத்தாள்.

அவன் உள்ளே வந்தான்.

அண்ணன் ஸ்பேனரோடு நடந்தான். தறிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஓடிப்போயேன் என்று மனசுக்குள் கத்தினாள் அவள்!

ஓடவில்லை. கேமராவைக் கழற்றித் தரையில் வைத்தான். கைகளை அவளைப் பார்த்து உயர்த்தினான்.

'நூல் அறுந்தா... தறி நிக்கும். நீ முகம் திருப்பினா... நான் நிக்கிறேன்.'

அந்தக் கூடத்தில் அதுவரை எந்தக் கையும் சொல்லாத பேச்சு. ஆனால் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் புரிந்துவிட்டது! நூல் வண்டி தள்ளும் கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். அண்ணன் நின்றான். மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

இப்போது அவள் முறை. மறைக்க மூட்டை எதுவும் இல்லை. கன்னம் கொதிக்க, கைகளை உயர்த்தினாள்.

'அண்ணே, அவரு ஒற்றன் இல்ல. எனக்குத் தெரியும்.' மூச்சை இழுத்து, அவன் பக்கம் திரும்பினாள். 'அறுந்த நூல நானே கட்டிட்டேன்... இனி நிக்காதீங்க.'

அண்ணன் ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கினான், பேசக் கை வேண்டுமே!

'வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வரச் சொல்லு... கேமரா இல்லாம.'