ஆழ்துளையின் பசி

அழுத்தமானியின் முள் அன்று காலையும் இறங்கியிருந்தது. வால்வு இறுக்கமாக மூடியிருந்தது. இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தாகிவிட்டது, ஒரு குமிழிகூட எழவில்லை. மேலே கசியவில்லை என்றால் வாயு கீழேதான் போகிறது. சுசீலா அளவை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசித் தெருவில், வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்றின் வாயை சிமென்ட்டால் அடைத்து, உள்ளே ஹைட்ரஜனைச் சேமித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் பரந்தாமன். வனஸ்பதி ஆலைகளுக்கு ஹைட்ரஜன் விற்கும் முதலாளி. சிலிண்டர் வாங்க மனம் வராத மகாராசன். மண்ணுக்குள் அந்த வாயு என்னவாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது சுசீலாவின் வேலை. நிலத்தடி ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. அவை ஹைட்ரஜனைத் தின்னும், ஈரத்தில் கரைந்த சல்பேட்டைக் கொண்டு உயிர் வளர்க்கும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயுவை வெளியே விடும். சல்பேட் தீர்ந்ததும் பட்டினியில் அடங்கிவிடும் என்றது அவள் கணக்கு. முள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஷெட்டின் பின்சுவருக்கு அந்தப்பக்கம்தான் அவள் வாடகை வீடு. ஆவடியில் இரவு ஷிப்ட் முடித்து அன்று காலை வந்ததும் அவள் புருஷன் வேலுசாமி கத்தியிருந்தான்.

"சமையல்கட்டு மூலைல கீதே பழைய போர் பைப்பு, அதுலேர்ந்து நாறுது. மனுசன் தூங்குறதா வேணாமா?"

"சாக்கடையா இருக்கும். என் உயிரை எடுக்காதே." கட்டிய புருஷனிடம் அப்படி எரிந்து விழுந்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள்.

கம்ப்யூட்டர் அறையில் சூடேறிய தூசி வாசனை. மின்விசிறி எங்கோ உரசி முனகிக்கொண்டிருக்க, பச்சை எழுத்துகள் மின்னும் திரை முன்னால் உட்கார்ந்து, சல்பேட்டின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனாள். கணக்கு முள்ளோடு பொருந்தியபோது வந்து நின்ற அளவை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். எந்த மண்ணிலும் தானாக அவ்வளவு இருக்காது. முதலாளியிடம் ஓடினாள்.

"அங்க முன்னாடி முலாம் பூசற பட்டறை வெச்சிருந்தேன்," என்றார் பரந்தாமன், தலையை நிமிர்த்தாமல். "கழிவு கந்தக ஆசிட்டை வருஷக்கணக்கா போர் பக்கத்துக் குழியிலதான் ஊத்துனோம். அதுக்கு இன்னா இப்போ? கணக்கைச் சரியா போடு, போ."

அடப்பாவி! அந்த ஆசிட் மண்ணில் சல்பேட்டாகத்தானே தங்கும். கீழே இருப்பவற்றுக்கு வருஷக்கணக்காக ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். அவை அடங்கப்போவதே இல்லை. அப்போதுதான் சமையல்கட்டுப் பைப்பு அவள் நினைவுக்கு வந்தது. அதுவும் இதே மண்ணுக்குள்தான் இறங்குகிறது.

வாசலில் வாட்ச்மேன் துலுக்கானம் பீடியை மறைத்தபடி சிரித்தார். "யம்மா, உங்க ஊட்டுக்காரர் சொல்லச் சொன்னாரு. நாத்தம் சுத்தமா போய்ட்ச்சாம். கட்டில் சூடா கீதுன்னு, கதவைச் சாத்திகினு தரையிலயே படுத்துட்டாரு."

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும். அதிகமானால் முதலில் மூக்கை மரக்க வைக்கும். காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும்.

ஓடினாள். உச்சி வெயில். தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. செருப்பு எங்கோ கழன்றது. கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டு. நாற்றம் முகத்தில் அறைந்தது.

குறட்டைச் சத்தம் கேட்டது.

கடவுளே, உயிர் இருக்கிறது! புருஷன் மேல் அவளுக்கு இருந்த கோபமெல்லாம் கரைந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மண்டியிட்டாள். தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. என்னங்க. எழுந்திருங்க."

தலை துவண்டு திரும்பியது. கண்கள் திறந்திருந்தன. வாயோரம் நுரை. மார்பு அசையவில்லை.

குறட்டை நிற்கவில்லை.

அது சமையல்கட்டு மூலையிலிருந்து வந்தது.

இப்போது நாற்றம் இல்லை. கொஞ்சமும் இல்லை. எழப் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை. கன்னம் தரையில் பட்டது, அவன் முகத்துக்குப் பக்கத்தில்.

மூலையில் பைப்பின் கறுத்த வாய். அது மூச்சை இழுத்தது. விட்டது. நிதானமாக, இன்னும் ஆழமாக, மறுபடி இழுத்தது.