தானோட்டிக் காரும் தூரத்துத் தூணும்

"என் லைசென்ஸ் போச்சுன்னா என் ஸ்கூலே போச்சு மேடம்," என்றபடி உள்ளே வந்தார், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற பெண்மணி. காப்பீட்டுத் துப்பறிவாளர் நிதானமாக நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் அழைப்பார்கள். அவர் அதற்குள் நோட்டில் அரைப் பக்கம் எழுதிவிட்டார்.

விஷயம் இதுதான். பள்ளியில் இருந்தபடியே அந்தப் பெண்மணி, தானாக ஓடும் தன் மின்சாரக் காரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அது வாசல் தூணில் இடித்துவிட்டது. தானாக ஓடி இடித்திருந்தால் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துடையது. ஆனால் கடைசித் தெருவில் யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்ததாகக் காரின் பதிவு சொல்கிறது. யாரென்று தெரியாவிட்டால், சட்டப்படி உரிமையாளரே ஓட்டியதாக எடுத்துக்கொண்டு லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள். இடித்துவிட்டு மறைத்தவர் என்று பெயர் வாங்கிய பிறகு யாருக்குப் பாடம் நடத்துவது?

மூவரும் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் கணவரும், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான மாமனாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் 'விபத்தில்லா முப்பத்திரண்டு ஆண்டுகள்' என்ற கேடயம் பளபளத்தது.

துப்பறிவாளர் வாசலில் குனிந்து ஈர மண்ணைப் பார்த்தார். சக்கரத் தடம் தெருவின் எதிர்ப்பக்கம்வரை ஒதுங்கி, வாசலைக் கிட்டத்தட்டத் தாண்டிப்போய், பிறகுதான் உள்ளே திரும்பியிருந்தது. வாசலின் இரண்டு தூண்களில் அடிபட்டதும் தூரத்துத் தூண்தான். திருப்பத்தில் இரண்டு முறை ஹார்ன் அடித்ததும் பதிவில் இருந்தது. அப்போது தெருவில் ஈ காக்கை இல்லையாம்.

"சீட்டு நல்லா பின்னால தள்ளியிருக்கு. ஓட்டினவர் உயரம். புருஷன்தான் மேடம்!" என்றார் அவசரம்.

"அவங்கப்பாவும் அதே உயரம்தான், பொறுங்க." துப்பறிவாளர் கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு யார் ஓட்டக் கத்துக்குடுத்தது?"

"இவதான். இன்னும் திட்டு வாங்கிட்டிருக்கேன்."

"இவங்க மாணவர் வாசலை ஒட்டித் திரும்புவார். இடிச்சா கிட்டத்துத் தூணத்தான் இடிப்பார். தூரத்துத் தூண இடிக்கணும்னா, முதுகுக்குப் பின்னால முப்பது அடி வண்டி வருதுன்னு நெனச்சு, தாண்டிப்போய் வளைக்கணும். காலித் தெருவுலயும் ஹார்ன் அடிக்கணும். அது பஸ் ஓட்டின கை."

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தாம்மா," என்றார் மருமகளிடம். "முடி வெட்டிட்டு வந்தேன். தெருமுனையில வீட்டு ஆளுன்னு என்னை அடையாளம் பார்த்து கார் நின்னுச்சு, ஏறிக்கிட்டேன். சும்மா உக்காந்து வர முடியல, கை துறுதுறுன்னுச்சு. அந்தக் கேடயத்த நெனச்சுதான் வாயத் தொறக்கல. உன் பொழப்பு வரைக்கும் வரும்னு நெனைக்கல."

மருமகளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"உங்க லைசென்ஸ் செல்லுபடியாகுதா?" என்று மாமனாரிடம் கேட்டார் துப்பறிவாளர்.

"ஆகுது மேடம்."

"அப்போ நீங்க ஓட்டினதா எழுதிக் குடுங்க. குடும்பத்துல யார் ஓட்டியிருந்தாலும் பாலிசி ஏத்துக்கும். இவங்க லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது."

அவசரம் நோட்டில் எழுதியிருந்த 'கணவர்' என்பதைச் சத்தமில்லாமல் அடித்தார். மாமனார் எழுந்துபோய்க் கேடயத்தைக் கழற்றினார். மருமகள் அதை வாங்கி, பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டினார்.

"இது பஸ்ஸுக்குக் குடுத்தது மாமா, இருக்கட்டும். காருக்கு நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு கிளாஸ். லேட்டா வந்தா வெளியவே நிக்கவச்சிடுவேன்."